காரில் எத்தனை பேர்

சேசு மரி சூசை துணை

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
2 மே 1938

அன்புள்ள மாரிஸ் அண்ணனுக்கு,

ஆண்டவர் கிருபையால் நானும் அம்மாவும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை. சென்னைப் பட்டணத்துத் தண்ணீர் உங்களுக்கு ஒத்துக்கொண்டதா, ஞாயிறு பூசைக்குப் போகிறீர்களா, அல்லது படக் கம்பெனியே கதி என்று கிடக்கிறீர்களா என்று அம்மா கேட்கச் சொன்னார்கள். கடைசிக் கேள்வி என்னுடையது.

நேற்றுப் பூசையில் எங்கள் முதல் கல்யாண ஓலை வாசித்தாயிற்று. "காலஞ்சென்ற பிரான்சிஸ் மகள் உர்சுலாவுக்கும், கிள்ளான் இருதயம் மகன் ஜெயராஜுக்கும்" என்று சாமியார் தம்முடைய பிரெஞ்சுத் தமிழில் படித்தபோது எனக்குக் காது மடல் எல்லாம் சுட்டது. தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்று சொல்லி நிமிர்ந்து பார்த்தார். அம்மா திரும்பிக் கோவில் முழுவதையும் ஒரு பார்வை பார்த்தார்கள். எவன் வாயைத் திறப்பான்? இன்னும் இரண்டு ஞாயிற்றுக்கிழமை இரண்டு ஓலை வாசித்துவிட்டால் மாதக் கடைசியில் கல்யாணம். அப்பா இல்லாத குறைக்கு நீங்களாவது பக்கத்தில் நிற்கலாம். கம்பெனி விடாது என்கிறீர்கள். சரி, போகட்டும்.

ஜெயராஜிடம் நம்முடைய டாக்கிக் கூத்தை நானே சொல்லிவிட்டேன். பிறகு எவராவது சொல்லித் தெரிவதைவிட அது நல்லது அல்லவா? கதாநாயகி ரமணி வந்த கப்பலில் அம்மை கண்டு, எல்லோரையும் போர்ட் சுவெட்டன்ஹாம் தடுப்பு முகாமில் பூட்டி வைத்தது, உங்கள் முதலாளி ரெங்கசாமி தலையில் கைவைத்துக்கொண்டது, "என் தங்கச்சி டீச்சர், நல்லாப் பேசும். முதுகு மட்டும் தெரிஞ்சாப் போதும்ல?" என்று நீங்கள் வாய் கொடுத்தது, ரமணி இடத்தில் என்னை உட்கார வைத்தது, எல்லாம் சொன்னேன். கிள்ளான் போகிற சடக்கில் காமிரா ஏற்றின லோரி முன்னே போக, இன்ஜினை நிறுத்தின காரைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போனதைச் சொன்னபோது அவருக்கு நம்பிக்கையே வரவில்லை. இன்ஜின் ஓடினால் பேச்சு கேட்காது என்று நீங்கள் எனக்குச் சொன்னதை நான் அவருக்குச் சொன்னேன்.

"அப்ப ஸ்டியரிங்க யாரு பிடிச்சா?" என்றார். கதாநாயகருக்குக் கார் ஓட்டத் தெரியாது, டிரைவர் தம்புசாமி அண்ணன்தான் வெளியே படியில் குந்திக்கொண்டு சன்னல் வழியாகக் கையை விட்டுப் பிடித்தார் என்றேன். பின் சீட்டில் முதலாளி போர்வைக்குள் படுத்து வசனம் எடுத்துக் கொடுத்ததையும், அவர் காலடியில் பவுடர் பூசுகிறவர் குறுகிக் கிடந்ததையும், என் காலடியில் நீங்கள் மைக்கைப் பிடித்துக்கொண்டு மல்லாந்து கிடந்ததையும் சொன்னேன். ஆக, ஆறு பேர். படத்தில் தெரிகிறவர்கள் இரண்டு பேர்.

கதாநாயகர் என் கையைப் பிடிக்கிற கட்டம் வந்தபோது, "என் தங்கச்சி கைய எவனும் தொடக்கூடாது" என்று கீழே இருந்து சத்தம் போட்டீர்களே! என் வளையலை மாட்டிக்கொண்டு, என் முந்தானையைப் போர்த்துக்கொண்டு, கீழே இருந்து நீங்கள் நீட்டிய கையை அந்த மனிதர் உருகி உருகிப் பிடித்தாரே, அதைச் சொன்னபோது ஜெயராஜ் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தார்கள். அவர் மனசில் கல்மிஷம் இல்லை அண்ணா. எனக்கு அதுவே போதும்.

உங்கள் ஜெபத்தில் எங்களை நினைக்கவும்.

தங்கை,
உர்சுலா


சென்னை
14 மே 1938

அருமைத் தங்கை உர்சுலாவுக்கு,

அண்ணனின் ஆசீர். உன் கடிதம் நேற்று வந்தது. உடம்புக்கு ஒன்றுமில்லை. வெயில்தான் மண்டையைப் பிளக்கிறது. முதல் ஓலை வாசித்த சேதி கேட்டு மனம் நிறைந்தது. இது உன் கைக்கு வருவதற்குள் மூன்றும் முடிந்திருக்கும். அம்மா காலுக்கு நான் விட்டுவந்த தைலத்தையே தடவட்டும்.

இங்கே நடப்பதைக் கேட்டால் நீ சிரிப்பாய். ரமணி அம்மாளின் முகம் தெரிய வேண்டிய துண்டுகளை இப்போது ஸ்டூடியோவில் எடுக்கிறோம். சக்கரத்தைக் கழற்றிப் பலகைமேல் வைத்த கார். இரண்டு ஆட்கள் மூங்கிலை அடியில் கொடுத்து நெம்பி நெம்பி ஆட்டுகிறார்கள். ஒருவன் விளக்குக்கு முன்னால் இலைக்கொத்தை வீசிக்கொண்டே நிற்கிறான். அதன் நிழல் ரமணி முகத்தில் ஓடினால் ரப்பர் தோட்டமாம்! நாம் கிள்ளான் சடக்கில் தின்ற புழுதிக்கு இது ஈடாகுமா? நீ நடித்த துண்டைப் போட்டுப் பார்த்த எல்லோரும் பிரமித்துப் போனார்கள். முதலாளி என்னைத் தட்டிக்கொடுத்தார்.

இன்னொரு சேதி. காரில் நீயும் கதாநாயகரும் இருக்கிற புகைப்படத்தை நானே பத்திரிகை ஆபீசுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். போன மாதமே அச்சாகிவிட்டது. 'மலாய் நாட்டுச் சாலையில், ஓடும் காரில், தனிமையில் காதலர்கள்' என்று கீழே போட்டிருக்கிறார்கள். கிள்ளான் கடைகளுக்கும் அந்தப் பத்திரிகை வருமே, பார். பெயர் ரமணி என்றுதான் போட்டிருக்கும். அதை மனசில் வைத்துக்கொள்ளாதே.

மாப்பிள்ளைக்கு என் அன்பு.

அண்ணன்,
மாரிஸ்


சேசு மரி சூசை துணை

பிரிக்பீல்ட்ஸ்
16 மே 1938

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்கள் சுகமாக இருக்க ஆண்டவர் துணை. நாங்கள் உயிரோடு இருக்கிறோம்.

நேற்று மூன்றாம் ஓலை வாசிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை ஜெயராஜின் அப்பா கிள்ளானிலிருந்து ரயில் ஏறி வந்தார். கையில் ஒரு பத்திரிகை. அம்மா காப்பி கலக்கப் போனார்கள். அவர் உட்காரவே இல்லை. படத்தை விரித்து என் முன்னால் வைத்தார். நான் ஒருக்களித்து அந்த மனிதர் பக்கம் திரும்பியிருக்கிறேன். முகம் தெரியவில்லை. ஆனால் என் கொண்டை, என் காது, என் தோள். பக்கத்தில் அவர் பல்லைக் காட்டிக்கொண்டு, முந்தானைக்குள் இருக்கிற கையைப் பிடித்தபடி.

"பேரு வேற போட்டுட்டா ஆளு மாறிடுமா? ஒன்னைத் தெரியாதா எனக்கு? தமிழ்ப் பிரசங்கம் கேக்க ஞாயித்துக்கிழம தவறாம கிள்ளான்லருந்து வந்து ஒன் பின்னாடிதானே ஒக்காந்திருக்கேன்" என்றார்.

எல்லாவற்றையும் சொன்னேன். ஆறு பேர் இருந்தோம், அது அண்ணன் கை என்றேன். முப்பது வருஷம் ரயில்வேயில் கணக்கெழுதும் கிராணி உத்தியோகம் பார்த்த மனிதர் அல்லவா? கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு படத்தைப் பார்த்தார். "ரெண்டு பேருதாம்மா இருக்காங்க. 'தனிமையில்'னு எழுதியும் இருக்கு. படத்துல இல்லாத ஆள நான் எங்க போய்த் தேடுறது?" என்றார்.

மறுநாள் சாமியாரிடம் போனோம். நான் அவரிடமும் ஒன்று விடாமல் சொன்னேன். அவர் நல்லவர். யோசித்து, "உன் அண்ணன் காரில் இருந்தான் அல்லவா? அவன் எனக்கு எழுதட்டும். அதுவரை மூன்றாம் ஓலை நிற்கட்டும்" என்றார். பெரியவரும் அதற்கு ஒப்புக்கொண்டார். வீட்டு ஆண்பிள்ளை சாட்சி சொன்னால் தமக்குப் போதும் என்று சாமியார் முன்னாலேயே சொன்னார்.

அண்ணா, நான்கு வரி எழுதினால் போதும். காரில் நான் இருந்தேன், ஆறு பேர் இருந்தோம், படத்தில் பிடித்திருக்கிற கை என் கை. அவ்வளவுதான். அடுத்த கப்பலிலேயே சாமியாருக்கு அனுப்பிவிடுங்கள். கல்யாணப் புடவை தையல்காரர் வீட்டில் இருக்கிறது. சட்டை தைத்து முடித்துவிட்டாராம்.

தங்கை,
உர்சுலா


சென்னை
11 ஜூன் 1938

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் வந்து சில நாள் ஆகிறது. எனக்குத் தொண்டை கட்டிக் காய்ச்சல். இப்போது தேவலை. அம்மாவின் கால் எப்படி?

இருதயம் மாமா இவ்வளவு சின்னப் புத்திக்காரராக இருப்பார் என்று நான் நினைக்கவில்லை. படித்த மனிதர், ஒரு படத்தைப் பார்த்து இப்படியா துள்ளுவது? கொஞ்ச நாள் போனால் தணிந்துவிடுவார். நீ மனசைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே.

எழுத மாட்டேன் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இங்கே நிலைமையையும் நீ பார்க்க வேண்டும். சுவருக்குச் சுவர் விளம்பரம் ஒட்டியாகிவிட்டது. ரமணி அம்மாள் மலாய் நாட்டில் உயிரைப் பணயம் வைத்து ஓடும் காரில் நடித்துப் பேசினார் என்று. காரில் வேறு ஒரு பெண் இருந்தாள் என்று மூச்சு விட்டாலும் சீட்டைக் கிழித்துவிடுவேன் என்று முதலாளி எங்கள் எல்லோரையும் நிற்கவைத்துச் சொன்னார். அந்த அம்மாளுக்கும் மூக்குக்கு மேல் கோபம். இது எழுத்தில் இருந்தால் எங்கே சுற்றி எங்கே வருமோ.

தம்புசாமிதான் ஸ்டியரிங்கைப் பிடித்தாரே, அவர் உள்ளூரிலேயே இருக்கிறார். அவரைக் கூட்டிக்கொண்டுபோய்ச் சொல்லச் சொல். நேரில் வாய்விட்டுச் சொல்வதற்கு ஒரு கடிதாசி ஈடாகுமா?

இந்த மாதம் முதல் என்னை ஒலிப்பதிவாளராக ஆக்கியிருக்கிறார்கள். இனி மைக்கைப் பிடித்துக்கொண்டு தரையில் புரள வேண்டியதில்லை. நாற்காலியில் உட்கார்ந்து வேலை. அம்மாவிடம் சொல், சந்தோஷப்படுவார்கள்.

அண்ணன்,
மாரிஸ்


சேசு மரி சூசை துணை

பிரிக்பீல்ட்ஸ்
24 ஜூன் 1938

அன்புள்ள அண்ணனுக்கு,

காய்ச்சல் விட்டதா? சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுக்க அங்கே யாரும் இல்லையே என்று அம்மா வருந்துகிறார்கள். உங்கள் உத்தியோக உயர்வைச் சொன்னேன். பாசாருக்குக் காய்கறி வாங்கப் போகிற வழியெல்லாம் சொல்லிக்கொண்டு போனார்கள்.

நீங்கள் சொன்னபடியே தம்புசாமி அண்ணனைக் கூப்பிட்டேன். பாவம், ஒரு நாள் சவாரியை விட்டுவிட்டு, துவைத்த சட்டை போட்டு, தலையைப் படிய வாரிக்கொண்டு கிள்ளானுக்கே வந்தார். "ஐயா, சாமி சத்தியமா நான் படியிலதான் தொங்கிக்கிட்டு வந்தேன். உள்ள நெறைய ஆளுங்க. தங்கச்சி மேல துரும்பு படல" என்றார். பெரியவர் கேட்டுவிட்டு, "கம்பெனிக்காரன் ஒனக்கு எவ்ளோ குடுத்தான்?" என்றார். அந்த மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. திரும்பி வரும்போது ரயிலில் சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் எதற்காக இன்னொருவரையும் கொண்டுபோய் அவமானப்படுத்தினேன் என்று இருந்தது.

நாங்கள் ரயில் ஏறும்போது கிள்ளான் ஸ்டேஷனில் ஜெயராஜ் இருந்தார். "அப்பா சொல்றாரு லா, நான் என்ன செய்யட்டும்?" என்றார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "அந்தக் கை... நெசமாவே ஒங்க அண்ணன் கைதானா?" என்று கேட்டார். மே மாதம் அதே கதைக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த மனிதர், அண்ணா.

உங்கள் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் நான் பத்திரிகைக்கா எழுதச் சொன்னேன்? ஒரு சாமியாருக்கு. ஊரார் பாவத்தையெல்லாம் காதில் வாங்கி வயிற்றில் பூட்டி வைத்திருக்கிற மனிதர். அவர் போய் உங்கள் முதலாளியிடம் சொல்லப்போகிறாரா? படித்துவிட்டுக் கிழித்துப் போடச் சொல்லி எழுதுங்கள், கிழித்துப் போடுவார்.

காரில் ஏற எனக்கு விருப்பமில்லை என்று அன்று சொன்னேன். "நான் காலடியிலேயே கெடக்கேன், ஒனக்கு என்ன பயம்?" என்று சொன்னவர் நீங்கள். அம்மாவிடமும் அப்படிச் சொல்லித்தான் என்னைக் கூட்டிக்கொண்டு போனீர்கள்.

உர்சுலா


பிரிக்பீல்ட்ஸ்
22 ஜூலை 1938

அண்ணனுக்கு,

நலமா? இரண்டு கப்பல் தபால் வந்து போயிற்று. உங்களிடமிருந்து ஒன்றும் இல்லை. காய்ச்சல் திரும்பியிருக்குமோ என்று அம்மா கவலைப்படுகிறார்கள். இல்லை என்று எனக்குத் தெரியும்.

வாசித்த இரண்டு ஓலையும் இப்படியே கிடந்தால் செல்லாமல் போய்விடும், மறுபடி முதலிலிருந்து வாசிக்க வேண்டிவரும் என்கிறார் சாமியார். பெரியவர் ஆகஸ்டில் வருகிற பரலோக மாதா திருநாள் வரை பொறுப்பதாகச் சொல்லியிருக்கிறார். அதற்குமேல் வேறு இடம் பார்ப்பாராம். பள்ளிக்கூடத்தில் நான் உள்ளே நுழைந்தால் மற்ற டீச்சர்மார் பேச்சை நிறுத்துகிறார்கள்.

என் வாழ்க்கை உங்கள் நான்கு வரியில் நிற்கிறது, அண்ணா. கும்பிட்டுக் கேட்கிறேன்.

உர்சுலா


சென்னை
3 ஆகஸ்டு 1938

என் அன்புத் தங்கைக்கு,

ஆண்டவர் உன்னையும் அம்மாவையும் காப்பாராக. கடிதம் எழுதத் தாமதித்ததற்குக் கோபித்துக்கொள்ளாதே. இரவு பகல் வேலை. படம் தீபாவளிக்கு வரவேண்டும்.

இதே தபாலில் சாமியாருக்கு எழுதிவிட்டேன். நன்றாக யோசித்து, யாருக்கும் பாதகம் வராதபடி எழுதியிருக்கிறேன். உன் பெயருக்கும் பங்கமில்லை, என் பிழைப்பிலும் மண் விழாது. அதைப் படித்தபிறகு இருதயம் மாமா வாயைத் திறக்க முடியாது. அப்படி அடிவேரிலேயே கையை வைத்திருக்கிறேன். நீ சாமியாரிடம் அதிகம் பேச்சுக் கொடுக்காதே. நான் எழுதினதற்கு ஆமாம் போட்டால் போதும்.

கல்யாணப் படம் ஒன்று அனுப்பு.

அண்ணன்,
மாரிஸ்


பிரிக்பீல்ட்ஸ்
29 ஆகஸ்டு 1938

மாரிஸ் அண்ணனுக்கு,

அம்மா நலம். உங்கள் நலத்தைக் கேட்கச் சொன்னார்கள்.

உங்கள் கடிதம் மாதா திருநாளுக்கு முன்பே வந்துவிட்டது. சாமியார் உடனே ஆள் விட்டார். இருதயம் பெரியவர், ஜெயராஜ், நான். அம்மா முழங்காலை வைத்துக்கொண்டு வரவில்லை. அதற்காக நான் இன்றுவரை ஆண்டவருக்கு நன்றி சொல்கிறேன். நான் அன்று தலையில் பூ வைத்துக்கொண்டு போனேன். முடிந்தது, இனி அடுத்த ஞாயிறு ஓலை என்று நினைத்துக்கொண்டு போனேன்.

சாமியார் கடிதத்தை மேசைமேல் வைத்து, ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். "என் தங்கை உர்சுலா அந்தக் காரில் ஒருநாளும் ஏறியவள் அல்ல. காரில் இருந்தது நடிகை ரமணி. என் தங்கை சாலையோரம் நின்று வேடிக்கை பார்த்தாள். இதற்கு ஆண்டவர் சாட்சி."

அண்ணா, சாமியார் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். மே மாதத்திலிருந்து நான் காரில் ஏறினேன், ஏறினேன் என்று அவரிடமும், இவர்களிடமும், தம்புசாமி அண்ணனை வைத்தும் சொல்லி வருகிறேன். "யார் பொய் சொல்கிறீர்கள் உர்சுலா? நீயா, உன் அண்ணனா?" என்று கேட்டார்.

நீங்கள் ஆமாம் போடச் சொன்னீர்கள். ஆமாம் போட்டால் மூன்று மாதமாகச் சாமியாரிடம் பொய் சொன்னவள் ஆவேன். இல்லை என்றால் என் அண்ணன் ஆண்டவரைச் சாட்சிக்கு இழுத்துப் பொய் எழுதியவர். நான், "நான் ஏறினது நெசம் சாமி" என்றேன்.

பெரியவர் கோபப்படக்கூட இல்லை. மெதுவாக எழுந்தார். "கூடப் பொறந்தவனே ஏறலன்னு மறைக்கிறான்னா, மறைக்கிற மாதிரி என்னமோ நடந்திருக்கு. இனிமே எனக்கு ஒண்ணும் தெரிய வேணாம் சாமி" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். ஜெயராஜ் வாசல்வரை போய்த் திரும்பிப் பார்த்தார். அவ்வளவுதான் அவருடைய தைரியம். மறுநாள் நிச்சயதார்த்த மோதிரத்தைத் திருப்பி வாங்கிக்கொள்ள ஆள் வந்தது.

நீங்கள் எழுதாமலே இருந்திருக்கலாம். எழுதாதவரை நீங்கள் வெறும் சோம்பேறி அண்ணன். எனக்கும் சொல்ல ஒரு வார்த்தை மிச்சம் இருந்தது.

அம்மாவிடம் உண்மையைச் சொல்லவில்லை. தபால் கப்பலில் தொலைந்துபோயிற்று, பெரியவருக்குப் பொறுமை இல்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன். நான் சொன்ன முதல் பொய் அதுதான். உங்களுக்காகச் சொன்னேன்.

உர்சுலா


சென்னை
12 நவம்பர் 1938

அன்புத் தங்கை உர்சுலாவுக்கு,

நீயும் அம்மாவும் நலம் என்று நம்புகிறேன். உன் கடிதத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்து பலமுறை எழுந்துவிட்டேன். எனக்கு மட்டும் வருத்தம் இல்லையா? நீயும் சமயத்துக்கு ஏற்றாற்போல ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் காரியம் கெட்டிருக்காது. ஏறவே இல்லை என்றால் ஆறு பேரா இரண்டு பேரா என்ற கேள்வியே எழாது என்று நினைத்தேன். நல்லதற்குத்தான் செய்தேன். சரி, முடிந்ததைக் கிளறி என்ன பயன்? அப்படிச் சந்தேகப்படுகிற குடும்பத்தில் போய்ச் சேராமல் தப்பித்தாய் என்று நினைத்துக்கொள்.

இப்போது நல்ல சேதி. தீபாவளிக்குப் படம் வந்து கொட்டகை கொள்ளாத கூட்டம். கார்க் காட்சிக்கு விசில் பறக்கிறது. உன் பேச்சை எடுத்துவிட்டு ரமணியின் பேச்சைச் சேர்க்கத்தான் பார்த்தோம். ஆனால் கதாநாயகர் பேச்சும் உன் பேச்சும் ஒரே சுருளில் பதிந்திருக்கிறது. உன்னை அழித்தால் அவரும் போய்விடுவார். அதனால் உன் குரலே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். பத்திரிகைக்காரர்கள் ரமணி அம்மாளுக்கு அந்தக் காட்சியில் குரல் தேனாய் இருக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள்!

முதலாளி என்னைக் கூப்பிட்டு, "ஒன் தங்கையை வரவழையேன்" என்கிறார். ரமணிக்குச் சரியாக வராத வசனங்களை நீ பேசிக் கொடுக்கலாம். பெயர் போடமாட்டார்கள். அதனால் என்ன? அங்கே இனி உனக்கு யார் இருக்கிறார்கள்? அம்மாவையும் கூட்டிக்கொண்டு தை மாதத்துக்குள் கப்பல் ஏறிவிடு. உனக்கு ஒரு வழி பண்ணிவிட்டேன் என்ற நிம்மதி எனக்கும் இருக்கும்.

உடனே பதில் போடு.

அண்ணன்,
மாரிஸ்


பிரிக்பீல்ட்ஸ்
23 ஜனவரி 1939

மாரிஸ் அண்ணனுக்கு,

நேற்றுக் காலைப் பூசையில் ஜெயராஜுக்கு முதல் ஓலை வாசித்தார்கள். பெண் கிள்ளான்தான். தகப்பனாருக்குத் துறைமுகத்தில் வேலை. தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் கேட்டபோது இந்த முறை கோவிலே திரும்பி என்னைப் பார்த்தது. நான் பீடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உங்கள் படம் பொங்கலுக்கு இங்கே வந்துவிட்டது. என் முகம் தெரியாது, பெயர் இல்லை, அதனால் யாருக்கும் தெரியாது என்று உங்கள் கம்பெனி நினைத்திருக்கும். நீங்களுமா அப்படி நினைத்தீர்கள்? எட்டு வருஷமாக இந்தக் கோவிலில் சாயந்தரம் ஜெபமாலை முன்சொல்வது யார்? குழந்தைகளுக்கு மந்திரம் சொல்லிக் கொடுப்பது யார்? பிரிக்பீல்ட்ஸில் என் குரல் தெரியாத கிறிஸ்தவன் இருக்கிறானா? அருள்நிறைந்த மரியே சொன்ன வாயால் "என் ஆசை துரையே, இந்தத் தனிமை நமக்கு எந்நாளும் வேண்டும்" என்று சொல்வதை ஊரே காசு கொடுத்துக் கேட்கிறது. என்னிடம் படித்த பையன்கள் தெருமுனையில் நின்று அதை என்னைப் போலவே சொல்லிக் காட்டுகிறார்கள்.

சாமியார் என்னைக் கூப்பிட்டுப் பேசியபோது அவருக்கே சங்கடமாக இருந்தது. கொஞ்ச காலம் வேறு யாராவது ஜெபமாலை முன்சொல்லட்டும் என்றார். இப்போது என்னிடம் ஜெபம் படித்த கெர்ட்ரூட் சொல்கிறாள். நான் பின்வரிசையில் உட்கார்ந்து உதட்டை மட்டும் அசைக்கிறேன்.

சென்னைக்கு நான் வரமாட்டேன். வேறு ஒருத்தியின் வாய்க்குள் உட்கார்ந்து பேச எனக்கு இஷ்டமில்லை. அங்கே என்னைக் கூட்டிக்கொண்டு போவதாகச் சொல்லிக்கொண்டு நீங்கள் இன்னொரு முறை என் காலடியில் கிடக்கவும் வேண்டாம். உங்களை மன்னிக்க முடியவில்லை என்று பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டேன். முயற்சி செய் என்றார் சாமியார். முயற்சி செய்ததாக உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். இனி எனக்கு எழுதாதீர்கள். அம்மாவுக்கு எழுதுங்கள், படித்துக் காட்டுகிறேன்.

அம்மாவுக்குப் படம் பார்க்க வேண்டும் என்று ஒரே ஆசை. மகன் கிள்ளான் சடக்கில் எடுத்த படம், அந்தக் காரில் அவனும் இருந்தான் என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார்கள். என்ன சொல்லியும் கேட்கவில்லை. முக்காடு போட்டுக்கொண்டு நானே சனிக்கிழமை கூட்டிக்கொண்டு போனேன்.

கார் வந்தது. விசில் பறந்தது. பின்னாலிருந்து எவனோ, "டீச்சர் டோய்!" என்று கத்தினான். நல்ல வேளையாக அம்மாவுக்கு அது எட்டவில்லை. கண்ணைச் சுருக்கிக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கதாநாயகர் அந்தக் கையைப் பிடித்தார். அம்மா என் முழங்கையைத் தொட்டு, "மாரிஸ் எங்கடி? ஒன் பக்கத்துலயேதான இருந்தேன்னு சொன்னான். எங்க இருக்கான், காட்டு" என்றார்கள்.

அந்தக் கை உங்களுடையதுதான் என்று காட்டியிருக்கலாம். விரல் தூக்கினேன், பிறகு மடக்கிக்கொண்டேன்.

"இல்லம்மா" என்றேன். "அண்ணன் இதுல இல்ல."

உர்சுலா